தொகை உண்டு, தேதி இல்லை

வெள்ளத்தில் மூழ்கிய பயிருக்கு அரசு தரும் நிவாரணத்துக்குத் தொகை உண்டு, தேதி இல்லை. ஹெக்டேருக்கு இவ்வளவு, கறவை மாட்டுக்கு இவ்வளவு, கோழிக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு விதியில் இருக்கிறது. அந்த ரூபாய் எத்தனை நாளில் உழவரின் கணக்கில் வரவாக வேண்டும் என்பது விதியில் இல்லை. புயலைத் தடுக்க எந்த அரசாலும் முடியாது. இந்த விடுபாட்டைச் சரிசெய்ய முடியும். சரிசெய்யாமல் இன்னொரு பருவமழைக்குள் நுழைவது ஆபத்து.

பேரிடர் என்பது எப்போதோ ஒருமுறை வருவது என்ற கணக்கு காலாவதியாகிவிட்டது. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா பருவம் தவறிய மழையில் படுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையுடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையேறியது; அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்ட வயல்களை மூடியது. ஏழு ஆண்டுகளுக்குள் இத்தனை. ஒவ்வொரு முறையும் அரசு தொகையை அறிவித்தது. ஒரு முறையும் தேதியை அறிவிக்கவில்லை.

தொகையை முதலில் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் வகுத்த விகிதங்களின்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு நிவாரணம் உண்டு. பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். பாசன நெல்லுக்கான தொகையை ஏக்கருக்குப் பிரித்தால் 6,880 ரூபாய். தஞ்சைப் பக்கத்துக் கணக்கில், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான மாவுக்கு 2,300 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. ஒரு மா நடவுக்கு ஆகும் செலவை அறிந்தவர்களிடம் இந்தத் தொகை எதுவரை போதும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த விகிதங்களே காலம் கடந்து வந்தவை. 15-ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு 2021 ஏப்ரலில் தொடங்கியது. விகிதங்கள் வந்தது ஒன்றரை ஆண்டு கழித்து. அதுவரை 2015-இல் நிர்ணயித்த 13,500 ரூபாயே அடிப்படை. இடையில் உரம், டீசல், கூலி எல்லாம் ஏறின. விகிதத்தை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்தும் ஏற்பாடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாநிலம் தன் நிதியிலிருந்து கூடுதலாகக் கொடுத்த ஆண்டுகள் உண்டு: 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் டிசம்பர் வெள்ளத்துக்கு 17,000. பத்து மாத இடைவெளியில் நெல்லின் சாகுபடிச் செலவு குறைந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஒரு முறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் வழங்கப்படும் தொகை, உரிமை என்ற நிலையிலிருந்து கருணை என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது.

ஆயினும் தொகையைவிடப் பெரிய கேள்வி தேதி. விதிகளின் பார்வையில் இந்தப் பணம் இழப்பீடே அல்ல. இடுபொருள் வாங்க அளிக்கும் உதவி. அதாவது, இழந்ததை ஈடுகட்டுவது நோக்கமன்று. அடுத்த விதைப்புக்கு உழவரை நிலத்தில் நிற்க வைப்பதே நோக்கம். நோக்கம் அதுவானால், பணம் அடுத்த விதைப்புக்கு முன் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த உதவி தன் பெயருக்கே பொருந்தாது.

காவிரி டெல்டாவின் சாகுபடி நாள்காட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வடகிழக்குப் பருவமழையின் பேரிடர்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. அப்போது சம்பா தூர்கட்டும் பருவத்திலோ கதிர் பிடிக்கும் பருவத்திலோ நிற்கிறது. தாளடி நட்டுச் சில வாரமே ஆகியிருக்கும். தண்ணீர் வடிந்த உடனே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அழுகிய இடத்தில் போக்கு நடவு நட வேண்டும். கரைந்துபோன உரத்தை மறுபடி இட வேண்டும். மஞ்சளித்த பயிருக்கு மருந்து தெளிக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு வாரத்துக்குள் கையில் காசு வேண்டும். தை பிறந்ததும் சம்பா தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்க வேண்டும். அந்த விதைக்கும் காசு வேண்டும். ஜனவரி நடுப்பகுதி வரை வராத நிவாரணம் சம்பாவையும் காப்பாற்றாது, உளுந்தையும் விதைக்காது. சித்திரையில் வந்தால் வட்டி கட்டப் பயன்படும். ஆனிக்குப் பிறகு வந்தால் அடுத்த குறுவையின் கடனில் கரையும்.

இடைப்பட்ட காலத்தை உழவர் கடனால் நிரப்புகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் ஏற்கெனவே பயிர்க்கடன் நிலுவையில் இருக்கும். அதன் மேல் இன்னொன்று கிடைக்காது. வீட்டில் மிஞ்சிய நகை அடகுக்குப் போகும். நகையும் இல்லாதவர்கள் வாரத் தவணைக் குழுவிடமும் உரக்கடையிடமும் நெல் வியாபாரியிடமும் போகிறார்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அறுவடையின்போது நெல் விலையிலேயே கழிக்கப்படும். அரசு தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒருவர் வட்டி கட்டுகிறார். அது அரசு அல்ல.

கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டியில்லை என்பது இம்மாநிலத்தின் நல்ல திட்டம். தேதி தவறினால் வட்டி உண்டு. வறட்சியை அறிவிப்பதற்குக்கூட 2016-இன் வறட்சி மேலாண்மைக் கையேடு பருவத்துக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது: அக்டோபர் இறுதி, மார்ச் இறுதி. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீட்டைத் தாமதிக்கும் காப்பீட்டு நிறுவனமும் தன் பங்குத் தொகையைத் தாமதிக்கும் மாநில அரசும் 12 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கடன் வாங்கிய உழவருக்குத் தேதி உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தேதி உண்டு. நிவாரணம் தர வேண்டிய நிர்வாகத்துக்கு மட்டும் தேதி இல்லை, தாமதத்துக்கு வட்டியும் இல்லை.

நிதி இல்லை என்பது இங்கே விடையாகாது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் 75 விழுக்காடு ஒன்றியத்தின் பங்கு, 25 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. பணம் ஆண்டுக்கு இரு தவணைகளில் வருகிறது. பேரிடர் நடந்த பிறகு திரட்டும் பணமன்று இது. நடப்பதற்கு முன்பே ஒதுக்கிவைப்பது. மாநிலத்தின் சக்திக்கு மீறிய சேதத்துக்குத்தான் தேசிய நிதியைக் கேட்க வேண்டும். அதற்கு மனு, ஒன்றியக் குழுவின் வருகை, உயர்நிலைக் குழுவின் ஒப்புதல் என்று பல படிகள். அந்தப் படிகளில் இரு அரசுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுவது புதிதல்ல. ஆனால் அந்தக் கருத்து வேறுபாடு தீரும்வரை மூழ்கிய வயலுக்குரியவர் காத்திருக்கத் தேவையில்லை. கையில் உள்ள நிதியிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு, பிறகு இரு அரசுகளும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். சட்டத்தின் அமைப்பே அதற்காகத்தான்.

அனுப்பும் வழி இல்லை என்பதும் விடையாகாது. பிஎம் கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய்த் தவணை ஒரே நாளில் நாடு முழுவதும் கோடிக்கணக்கான வங்கிக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்கிறது. 2024 இறுதியில் குடும்ப அட்டைதாரர்களுக்கு அறிவித்த வெள்ள நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியே கையில் போய்ச் சேர்ந்தது. குடும்பத்துக்கான நிவாரணம் வேகமாகப் போகும் பாதையில் பயிருக்கான நிவாரணம் ஏன் போக முடியவில்லை என்பதற்கு நிர்வாகம் விளக்கம் தர வேண்டும்.

தடை கணக்கெடுப்பில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்கள். பல பணியிடங்கள் காலி. அவர் வந்து சேரும்போது தண்ணீர் வடிந்திருக்கும். அதற்குள் பயிர் சற்றே பச்சை பிடித்திருக்கும். பூக்கும் பருவத்தில் மழையடித்த நெல் வெளியே பச்சையாகவே நிற்கும். உள்ளே மணி பிடித்திருக்காது. அறுத்துத் தூற்றும்போதுதான் பதர் என்று தெரியும். வரப்பில் நின்று பார்ப்பவர் அதை 33 விழுக்காடு என்று எழுதுவாரா, 30 என்று எழுதுவாரா என்பது அவருடைய கண்ணைப் பொறுத்தது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் பதர்க் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு உழவர்கள் வருவதற்கு இதுதான் காரணம்.

அந்த ஒரு எண்ணில் ஏகப்பட்டது தொங்குகிறது. 32 விழுக்காடு சேதத்துக்கு ஒன்றுமில்லை. 33-க்கு முழுத் தொகை. 100 விழுக்காடு போனவருக்கும் அதே தொகை. படிநிலையே இல்லாத இந்த முறை, எல்லையில் நிற்கும் ஒவ்வொரு வயலையும் பேரத்துக்கு உள்ளாக்குகிறது. 2015-க்கு முன் எல்லை 50 விழுக்காடாக இருந்தது. 33-ஆகக் குறைத்தது வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் எல்லையை நகர்த்தியவர்கள் எல்லைக்கு அப்பால் படிகளை அமைக்கவில்லை. சேதம் ஏற ஏறத் தொகையும் ஏறும்படி இரண்டு மூன்று படிகள் வைத்தாலே பேரத்துக்கு இடம் குறையும்.

இந்தப் பட்டியலில் யார் பெயர் ஏறுகிறது என்பது அடுத்த ஆபத்து. பணம் பட்டாவைத் தேடிப் போகிறது. பயிரை நட்டவரைத் தேடிப் போவதில்லை. டெல்டாவில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள் ஏராளம். தனியார் நிலங்களிலும் பெரும்பகுதி வாய்மொழிக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எழுதிக்கொடுத்தால் நிலம் போய்விடும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். எழுதிக்கேட்டால் குத்தகை போய்விடும் என்று சாகுபடியாளர் அஞ்சுகிறார். ஆகவே பதிவேடு ஒன்று சொல்கிறது, வயல் இன்னொன்று சொல்கிறது. இறந்த பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கும் குடும்பங்களும், கணவர் வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருக்க வயலைப் பார்க்கும் பெண்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். கடன் வாங்கி நட்டவர் ஒருவர். நிவாரணம் வரவாகும் கணக்கு வேறொருவருடையது.

அடங்கல் இதற்குத் தீர்வாக இருந்திருக்க வேண்டும். எந்தப் புல எண்ணில், எந்தப் பயிரை, யார் சாகுபடி செய்கிறார் என்று பசலி ஆண்டுதோறும் எழுத வேண்டிய கணக்கு அது. நேரில் பார்த்து எழுதப்பட்ட அடங்கல் இருந்தால், பேரிடருக்குப் பிறகு கணக்கெடுப்பு பாதி முடிந்த மாதிரி. நடைமுறையில், காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது வரிசையில் நின்று கேட்பவருக்கு எழுதித்தரும் சான்றாக அது சுருங்கிவிட்டது. மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பைச் செய்ய யார் பொறுப்பு என்பதில்கூட இழுபறி நீடித்து, 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பும் நிலை வந்தது. மழைக்காலத்தின் நடுவில், அந்த ஊர் வரப்பே அறியாத மாணவர்கள். இது கணக்கெடுப்புக்கான ஏற்பாடு என்று சொல்லத்தக்கதன்று.

இப்போது உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. அது நில உடைமைப் பதிவோடு இணைக்கப்பட்டது. நாளை பேரிடர் நிவாரணமும் இந்த எண் வழியேதான் என்று ஆனால், பட்டா இல்லாத சாகுபடியாளர் பட்டியலுக்கு வெளியே நிரந்தரமாக நிறுத்தப்படுவார். இன்றைய குறையைக் கணினி நாளைய விதியாக்கிவிடும். ஆந்திரப் பிரதேசம் 2019-இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. உடைமையாளரின் உரிமையைத் தொடாமல், பதினொரு மாதங்களுக்கு மட்டும் செல்லும் அட்டை; அதைக் கொண்டு நிவாரணமும் காப்பீடும் கடனும் கேட்கலாம். உடைமையாளர்கள் கையெழுத்திடத் தயங்கும் சிக்கல் அங்கும் இருக்கிறது. இருந்தாலும் நட்டவருக்கு ஒரு பெயர் கொடுக்கச் சட்டம் முயன்றது. தமிழ்நாட்டில் அந்த முயற்சியும் இல்லை. கோயில் நிலங்களிலாவது தொடங்கலாம். அங்கே அரசின் மேற்பார்வை ஏற்கெனவே இருக்கிறது. குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி வெள்ள ஆண்டில் சாகுபடிச் சான்றை மறுக்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அதை ஓர் ஆணையால் நிறுத்தலாம்.

நடவும் களையும் இல்லாமல் வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளருக்கு இந்த விகிதப் பட்டியலில் தனி இடம் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கால்நடை வளர்ப்போர் நிலையும் மோசம். கறவைப் பசுவுக்கும் எருமைக்கும் 37,500 ரூபாய்; உழவு மாட்டுக்கு 32,000; கன்றுக்கு 20,000; ஆட்டுக்கு 4,000; கோழிக்கு 100. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு மூன்றுவரை, ஆடு முப்பதுவரை, கோழிக்கு மொத்தம் 10,000 ரூபாய்வரை. வீட்டுத் திண்ணையோரம் இரண்டு மாடு கட்டியிருப்பவரை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்கு வரும் கீதாரி இந்த விதிக்குள் அடங்கமாட்டார். அவருடைய மந்தை நூற்றுக்கணக்கில் இருக்கும். வெள்ளமோ இடியோ குளிர்மழையோ ஒரே இரவில் கிடையை அழித்தால், முப்பதுக்கு மேல் செத்தவை கணக்கில் வராது. அவர் இருக்கும் ஊர் அவருடைய ஊர் அன்று. சான்று தர வேண்டிய அலுவலருக்கு அவர் முகம் தெரியாது. சொந்த ஊர் அலுவலர் சம்பவ இடத்தைப் பார்க்கவில்லை. இரண்டு எல்லைகளுக்கு நடுவே கோரிக்கை விழுந்துவிடுகிறது.

சான்று என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. கால்நடை மருத்துவரின் உடற்கூறாய்வுச் சான்றையே நடைமுறை எதிர்பார்க்கிறது. ஆறு அடித்துக்கொண்டுபோன மாட்டுக்கு உடல் எங்கே? 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் எழுந்த கேள்வி இது. அதற்கு விதியில் பதில் இல்லை. பதில் அரசின் பதிவேடுகளிலேயே இருக்கிறது. மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள வில்லை இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி போடும்போது அந்த எண் பதிவாகிறது. பால் சங்கத்தில் அன்றாடம் ஊற்றிய பாலின் அளவு எழுதப்படுகிறது. வெள்ளத்துக்கு முந்தைய நாள்வரை பால் ஊற்றிவிட்டு மறுநாள் நிறுத்தியவரின் மாடு போய்விட்டது என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்? இந்தப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

காப்பீடு இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. காப்பீடு நிவாரணத்துக்கு மாற்றாகாது. அளக்கும் கோலே வேறு. நிவாரணம் தனி வயலைப் பார்க்கிறது. காப்பீடு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறது. ஒரு துறை சேதம் என்று எழுதிய வயலுக்கு இன்னொரு கணக்கில் சேதமே இல்லை என்று வருவது இதனால்தான். நெல் வயல் மூழ்குவதை வட்டார இடர் என்ற பிரிவிலிருந்து 2018-இல் நீக்கினார்கள்; நீரில் வளரும் பயிர் என்று அதை வகைப்படுத்தினார்கள். நீரில் வளரும் பயிர் பத்து நாள் நீருக்குள் கிடந்தாலும் அழுகாது என்ற முடிவைத் தஞ்சாவூரில் யாரிடமும் கேட்டு எடுத்திருக்க முடியாது. 2026 காரீப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். திருத்தம் நல்லது. இடையில் போன பருவங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. குறுவை நெல்லுக்கோ 2021 முதல் சில ஆண்டுகள் காப்பீடே அறிவிக்கப்படாமல் போனது.

இதற்கிடையே ஒரு கதவு சத்தமில்லாமல் மூடப்பட்டது. கடும் பேரிடர்களில் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தேசிய ஆணையத்துக்குக் கொடுத்திருந்தது. 2025-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. வங்கிகள் கடனை மாற்றியமைக்க வழிகாட்டுதல்கள் உள்ளன. அவற்றுக்கும் 33 விழுக்காடே வாசல். ஆகவே வரப்பில் நின்று எழுதும் அந்த ஒரு எண் தவறினால் நிவாரணமும் போகிறது, கடன் மாற்றியமைப்பும் போகிறது.

அவசரம் முறைகேட்டுக்கு வழிவிடும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இல்லாத பயிருக்கும் தரிசு நிலத்துக்கும் நிவாரணம் வாங்கியதாகக் கடந்த காலங்களில் புகார்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் தாமதம் முறைகேட்டைத் தடுத்ததற்குச் சான்று இல்லை. பட்டியல் எவ்வளவு நாள் அலுவலகத்துக்குள் கிடக்கிறதோ அவ்வளவு நாள் அதில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் வாய்ப்பிருக்கிறது. பட்டியல் வெளியே வந்தால் ஊரே தணிக்கை செய்யும். யார் வயல் மூழ்கியது, யார் வயல் மூழ்கவில்லை என்பது கிராமத்தில் ரகசியமன்று. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் பட்டியலை ஒட்டினால் அந்தக் கடமையும் நிறைவேறும்.

பொறுப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டுவதை இனி ஏற்க முடியாது. விகிதத்தை வகுப்பது ஒன்றிய அளவிலான பேரிடர் நிர்வாகம்: 2026 ஏப்ரலுக்குப் பிந்தைய ஐந்தாண்டுக்கான விகிதங்களில் தொகைக்குப் பக்கத்தில் நாள்கெடுவும் இருக்க வேண்டும், கிடை ஆடுகளுக்கு வேறு உச்சவரம்பு வேண்டும், சேதத்துக்குப் படிநிலை வேண்டும். பணத்தை விடுவிப்பது மாநில அளவில் நிவாரண நிதியைக் கையாளும் நிர்வாகம்: தாமதத்துக்கு வட்டி தரும் கடமை அதனுடையதாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பது மாவட்ட நிர்வாகத்தின்கீழ் உள்ள வருவாய், வேளாண்மை, கால்நடைத் துறைகள்: எத்தனை கிராமங்களில் கணக்கெடுப்பு முடிந்தது, எத்தனை பேருக்குப் பணம் போனது என்பதை மாவட்டவாரியாக வாரந்தோறும் அவை வெளியிட வேண்டும்.

தண்ணீர் வடிந்த பதினைந்தாம் நாளுக்குள் கணக்கெடுப்பு. அடுத்த ஏழு நாள்கள் பட்டியல் ஊர்ப் பார்வைக்கு. பேரிடர் நடந்த நாற்பத்தைந்தாம் நாளுக்குள் பணம், நட்டவரின் கணக்கில். சர்ச்சைக்குரிய பெயர்களுக்காகச் சர்ச்சையில்லாத பெயர்களை நிறுத்திவைக்கக் கூடாது. விடுபட்டோர் கோரிக்கைகளை ஜனவரி 26 கிராம சபையில் எடுத்துத் தனிப் பட்டியலாகத் தீர்க்கலாம். நாற்பத்தைந்தாம் நாள் தவறினால், காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள அதே 12 விழுக்காடு வட்டி. இந்தக் கெடு நவம்பர் இறுதியில் வரும் புயலுக்கு ஜனவரி நடுவில் முடிகிறது. உளுந்து விதைப்பைத் தவறவிடாமல் இருக்க அதுவே கடைசி நாள்.

நாள்கெடுவையும் வட்டியையும் பட்டியல் வெளியீட்டையும் காதுவில்லைச் சான்றையும் ஒரே அரசாணையில் அடக்கலாம். அதற்குச் சட்டமன்றத் தீர்மானமோ ஒன்றியத்தின் ஒப்புதலோ வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அரசாணை செப்டம்பருக்குள் வெளிவர வேண்டும்.